ஊதிவிட்டு வாயை மூடு

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர் நீலகிரி மாவட்டம் தேவாலா பக்கத்தில் ஜீப் ஓட்டுகிறவர். வயது 54. உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் தேடுதல் – மீட்புக் குழு ஒன்றில் 22 வருடமாக இருக்கிறார். “பேரைப் போட்டால் ஸ்டாண்டில் என்னை ஓட்டியே கொன்றுவிடுவார்கள்” என்றார். அதனால் போடவில்லை.

*

கே: நீங்கள் தீயணைப்புத் துறையா, வனத்துறையா? யார் உங்களை அனுப்புகிறார்கள்?
– ஒரு வாசகி, மதுரை

ப: ரெண்டும் இல்லைங்க. நாங்கள் பத்தொன்பது பேர். ஏழு பேர் ஜீப் ஓட்டுகிறவர்கள், நாலு பேர் எஸ்டேட் தொழிலாளிகள். ஒரு டெய்லர், ஒரு பேக்கரிக்காரர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற லைன்மேன், காலேஜ் பையன்கள் இரண்டு பேர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா. அப்புறம் காட்டுநாயக்கர் பழங்குடி அண்ணன் தம்பி இருவர். தேன் எடுக்கிற குடும்பம். அவர்கள் இல்லாவிட்டால் மற்ற பதினேழு பேரும் சேர்ந்து தொலைந்துபோவோம். யாரும் எங்களை அனுப்புவதில்லை. ஸ்டாண்டுக்கு ஆள் ஓடிவரும், அல்லது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். 101-க்கோ 112-க்கோ சொன்னால் அரசாங்கத்து ஆட்கள் கட்டாயம் வருவார்கள். ஆனால் ஜூலை மழையில், மரம் விழுந்த ரோட்டில், அவர்கள் வண்டி வந்து சேர நேரமாகும். அதுவரை எங்கள் வேலை. வந்த பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்பது எங்கள் வேலை. இரண்டாவதுதான் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்!

நான் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்துகொண்டே ஊதினேன். தேன்காரர்களில் பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “ஊதிவிட்டு வாயை மூடு” என்றார். “நீ ஊதுவது அவனுக்குக் கேட்கும். அவன் கூப்பிடுவது உனக்குக் கேட்க வேண்டாமா?” எனக்குக் கிடைத்த முழுப் பயிற்சியும் அதுதான். சான்றிதழெல்லாம் பிற்பாடு வந்தது.

*

கே: என் அப்பாவுக்கு 74 வயது. ஞாபக மறதி. இரண்டு முறை வீட்டை விட்டுப் போய், யாரோ கொண்டுவந்து விட்டார்கள். இன்னொரு முறை போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு மகள், திருப்பூர்

ப: முதலில் வீட்டுக்குள் தேடுங்கம்மா. சிரிக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிறுத்திவைத்த காருக்குள், எல்லா இடமும் பாருங்கள். ஊரே டார்ச்சும் கையுமாக அலைந்துகொண்டிருக்க, ஆள் பரணுக்குக் கீழே அரிசி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இல்லையென்றால் உடனே போலீஸ். 24 மணி நேரம் கழித்து வா என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நகராமல் நில்லுங்கள். முதியோர் உதவி எண் 14567. அவருடைய சமீபத்திய போட்டோ ஒன்றை இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்யாண ஆல்பத்தில் கோட் போட்டு நிற்கிற அப்பாவை வைத்து எங்களால் தேட முடியாது. எந்தச் செருப்பு காணோம் என்று பாருங்கள். அவர் தலையணை உறையை யாரும் தொடாமல் அப்படியே விடுங்கள், மோப்ப நாய் வந்தால் உதவும்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் சொல்ல நினைப்பது வேறு. அவருக்கு ஞாபகம் போய்விட்டது என்கிறோம். போவது பெரும்பாலும் நேற்றைய ஞாபகம்தான், நாற்பது வருடத்துக்கு முந்தைய ஞாபகம் அப்படியே இருக்கும். எங்கள் குழு இதைக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் தப்பும் இதில் உண்டு.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பாதிக் குடும்பம் சிலோனிலிருந்து வந்தவை. 1964 சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள். என் வீடும் அப்படித்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எனக்கு ஐந்து வயது. ஒரு ஆகஸ்ட் மாதம், 78 வயதுப் பெரியவர் ஒருவர் சாயங்காலம் மூன்று மணிக்கு லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. ஆறு மணிக்கு எங்களுக்குச் செய்தி வந்தது. நல்ல மழை. நான்தான் வீட்டில் விசாரித்தேன். என்ன சட்டை, என்ன உயரம், காது கேட்குமா, கையில் காசு உண்டா என்று எல்லாம் கேட்டேன். பஸ் ஸ்டாப் பார்த்தோம், ஆற்றோரம் பார்த்தோம், சாராயக் கடை இருந்த பழைய இடம்கூடப் பார்த்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒரே பாதையில் மூன்று தரம் போய் வந்தோம்.

பதினோரு மணிக்கு மறுபடி லயத்துக்கு வந்து டீ குடித்தோம். அந்தப் பாட்டி யாரிடமும் இல்லாமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னது: “காலையிலேருந்து மடுவத்துக்கு நேரமாச்சு, மடுவத்துக்கு நேரமாச்சுன்னுகிட்டே இருந்தாரு.”

மடுவம் என்றால் பறித்த கொழுந்தை எடை போடுகிற கொட்டகை. சிலோன் தோட்டத்துச் சொல். எங்கம்மா இன்னும் அப்படித்தான் சொல்வார். பெரியவர் அந்தக் காலத்தில் மடுவத்தில் கொழுந்து மூட்டை ஏற்றியவர். பாட்டி ஆறு மணிக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. சட்டை என்ன கலர் என்று கேட்ட எனக்கு, அவர் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் மூன்று தரம் நடந்த பாதைக்கு நாற்பதடி மேலே ஒரு பழைய எடைக் கொட்டகை உண்டு. கூரை போய், உண்ணிச்செடி மூடிக் கிடந்தது. உள்ளே திண்டில் உட்கார்ந்திருந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் படங்கு கட்டுவது மாதிரி, இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றியிருந்தார். “தாத்தா, நாங்க கூப்பிட்டது கேட்கலையா?” என்றேன். கேட்டதாம். “ரோட்டுல பசங்க கத்திக்கிட்டுப் போனாங்க. கணக்கப்பிள்ளை இன்னும் வரலையே” என்றார்.

உடம்பு ஜில்லிட்டு, நடுக்கம் நின்றுபோயிருந்தது. குளிரில் நடுங்குகிறவரைவிட நடுக்கம் நின்றவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். சூடு உண்டாக்குகிற சக்தி உடம்பில் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரத் துணியைக் கழற்றி, காய்ந்த கம்பளியைத் தலையோடு சுற்றி, படுக்கவைத்தபடியே தூக்கி வந்தோம். கை காலைத் தேய்க்கக் கூடாது என்று அக்கா திட்டிக்கொண்டே வந்தார். ஒருவர் அன்போடு பிராந்தி பாட்டில் நீட்டினார். அதுவும் கூடாது, பிராந்தி தோலுக்குத்தான் சூடு காட்டும், உள் சூட்டை வெளியே விட்டுவிடும். நன்றாகப் பேசி விழுங்க முடிந்ததால் சர்க்கரை தூக்கலாக, வாய் வாயாக டீ. பிறகு ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் நாலு வருடம் இருந்தார்.

அதனால் உங்கள் அப்பா சும்மா புலம்புவதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய மில், பழைய தெரு, பழைய டீக்கடை எல்லாவற்றையும். அந்த நோட்டுத்தான் எங்களுக்கு மேப்.

*

கே: எங்கள் நாலு வயதுப் பையன் திருவிழாவில் காணாமல்போய், அரை மணி நேரத்தில் கிடைத்தான். பெயர் சொல்லிக் கத்தியும் பதிலே இல்லை. பக்கத்துப் பந்தலில்தான் இருந்திருக்கிறான்!
– ஒரு தகப்பன், காரைக்குடி

ப: நீங்கள் எந்தக் குரலில் கத்தினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குரலை அவன் அதற்குமுன் எப்போது கேட்டிருப்பான்? அடி விழுவதற்கு முன்னால். சின்னப் பிள்ளைகள் பயந்தால் ஒளிந்துகொள்வார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். தெரியாத ஆள் கூப்பிட்டால் பேசாதே என்று நாம்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் போகும்போது அம்மாவையோ அத்தையையோ கூட வைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிடச் சொல்வோம். குழந்தைகள் உதவிக்கு 1098.

*

கே: கூகுள் மேப், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் இருக்கும்போது மலையேற்றத்தில் வழி தவற வாய்ப்பே இல்லையே?
– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர், சென்னை

ப: உங்களை மாதிரி மூன்று பேரைப் போன வருடம் ஒரு சோலைக்காட்டு ஓரத்தில் எடுத்துவந்தோம். மூன்று பேரிடமும் போன் இருந்தது. மூன்றிலும் சார்ஜ் இல்லை. போட்டோ எடுத்துத் தீர்த்திருந்தார்கள்.

வழி தவறியது தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உட்காருங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. மனுஷனுக்குக் கால் தானாகக் கீழ்நோக்கி இழுக்கும். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நினைப்பான். எங்கள் மலையில் ஓடையைப் பிடித்து இறங்கினால் அருவிதான் வரும். நீங்கள் நடக்க நடக்க நாங்கள் தேட வேண்டிய இடம் பெரிசாகிக்கொண்டே போகும். ஒரு மணி நேரம் நடந்தால் நாங்கள் ஒரு நாள் கூடுதலாகத் தேட வேண்டிவரும்.

சிக்னல் ஒரு கோடு இருந்தால் பேச முயற்சி செய்து சார்ஜைக் கரைக்காமல் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், பேச்சு போகாத இடத்திலும் அது சில சமயம் போய்விடும். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் 112 வேறு கம்பெனி டவர் வழியாகக் கிடைக்கக்கூடும். விசில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதிவிட்டு, ஒரு நிமிடம் சும்மா இருங்கள், மறுபடி ஆறு. மலையேறுகிறவர்களுக்கு உலகம் பூராவும் இதுதான் ஆபத்துச் சைகை. பதிலுக்கு மூன்று கேட்டால் ஆள் வருகிறார்கள். அப்போதும் எழுந்து ஓடி வராதீர்கள், ஐயா. அந்த மூன்று பேரில் ஒருவர் அப்படி ஓடி வந்துதான் கணுக்காலை உடைத்துக்கொண்டார். நடக்க முடிந்த ஆளைத் தோளில் தூக்க வைத்தார்.

கோடையில் அனுமதி இல்லாத பாதையில் போகவே வேண்டாம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. அன்றைக்கும் ஹெலிகாப்டருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது அந்த மலைக்காரர்கள்தான். போர்வையில் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள்.

*

கே: ராத்திரியில் தேடும்போது யானை வந்தால் என்ன செய்வீர்கள்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

ப: அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது தம்பி, நாங்கள்தான் வருகிறோம்! கிளம்புமுன் வனத்துறைக்குப் போன் செய்து கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்போம். பாதையில் சாணம் சூடாக இருந்தால் திரும்பிவிடுவோம். தொலைந்தவர் வீட்டார் கெஞ்சுவார்கள், அழுவார்கள். திரும்பித்தான் வருவோம். ஒருவரைத் தேடப் போய் இருவரைத் தேட வேண்டிய நிலை வரக் கூடாது.

*

கே: பெட்ரோலுக்கு, சாமான்களுக்கு யார் காசு தருகிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆடிட்டர், கும்பகோணம்

ப: ஆடிட்டர் கேட்டால் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஜீப் டீசல் அவரவர் செலவு. பேக்கரிக்காரர் பன் தருவார், அதுவும் நேற்றைய பன். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் போட்டு ஒரு உண்டியல். டார்ச் செல், முதலுதவிச் சாமான் எல்லாம் அதில். ஒரு அலுவலகம் ஹெல்மெட்டும் கயிறும் தருவதாகச் சொல்லி, எங்களை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டது. போட்டோ வந்தது. கயிறு வரவில்லை. ஆறு வருடம் ஆகிறது.

கயிறு நாங்களே வாங்கினோம். அதைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம். முதலில் லாரியில் கட்டுகிற நைலான் கயிறுதான் வைத்திருந்தோம். சரிவில் ஒரு தடவை பாறை விளிம்பில் உரசி, பாதிப் புரி அறுந்தபிறகுதான் புத்தி வந்தது. நல்லவேளை, அதில் தொங்கியது ஆள் இல்லை, பை. இப்போது இருப்பது மலையேறுகிறவர்களின் கயிறு. உள்ளே பாரம் தாங்குகிற நூல் கற்றை, மேலே அதைக் காப்பாற்ற ஒரு உறை. வாங்கிய தேதியை நுனியில் துணி தைத்து எழுதியிருக்கிறார் டெய்லர். அதை யாரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் மண் துகள் உறைக்குள் போய் உள்நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வெயிலில் காயப்போடக் கூடாது, டீசல் படக் கூடாது. ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் அதை முழு நீளமும் விரலிடையில் உருவி, எங்காவது மெத்தென்றோ முடிச்சாகவோ தட்டுப்படுகிறதா என்று பார்ப்போம். என் மனைவி சொல்வது, “எங்க தலைமுடியைக்கூட இவர் இப்படிப் பார்த்ததில்லை.”

*

கே: 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் போனீர்களா? என்ன பார்த்தீர்கள்?
– ஒரு ஆசிரியை, நாகர்கோவில்

ப: போனோம். எங்களுக்கு அது அடுத்த மாநிலம் இல்லை, அடுத்த மலை. சேரம்பாடி, சோலாடி, வடுவஞ்சால் தாண்டினால் மேப்பாடி. எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், பெண் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை 30 விடியற்காலை முண்டக்கையும் சூரல்மலையும் சேற்றோடு போய்விட்டன என்று தெரிந்ததும் முதல் போன் எங்கள் டெய்லருக்குத்தான் வந்தது, அவர் தங்கை மேப்பாடியில். தங்கை தப்பித்தார்.

சூரல்மலைப் பாலம் போய்விட்டதால் முண்டக்கைப் பக்கம் துண்டாகிவிட்டது. முதலில் கம்பியில் தொங்கித்தான் ஆற்றைக் கடந்தார்கள். கூடலூர்க்காரப் பெண், செவிலியர் சபீனா, மருந்துப் பையோடு அப்படிக் கடந்து போய்ச் சிகிச்சை கொடுத்தார். ஆகஸ்ட் 15-ல் தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எங்கள் குழுவில் அவரைத் தெரியாது என்று சொல்கிறவர் இப்போது ஒருவரும் இல்லை, விருதுக்கு முன்னால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு. ராணுவம் 190 அடி இரும்புப் பாலத்தை ஆகஸ்ட் 1 சாயங்காலத்துக்குள் போட்டு முடித்தது. அப்புறம்தான் பெரிய மண்வாரி வண்டிகள் அக்கரை போயின. அட்டமலைக் குகையில் ஒரு பணியர் பழங்குடிக் குடும்பம் நாலு சின்னக் குழந்தைகளோடு பசியில் இருந்ததும், கல்பற்றா வனச்சரகர் ஹாஷிஸும் அவர் ஆட்களும் பாறையில் கயிறு கட்டி இறங்கி, போர்வையைக் கிழித்துக் குழந்தைகளை உடம்போடு கட்டித் தூக்கி வந்ததும் நீங்கள் படித்திருப்பீர்கள். எங்கள் தேன்காரப் பெரியவர் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். குழந்தையை முன்னால் கட்டியிருக்கிறார்கள், சரியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

எங்களுக்குக் கொடுத்த வேலை சாமான் ஏற்றுவது. அதைத்தான் செய்தோம். நாலாம் நாள் ஒரு இடத்தில் மண் அள்ளவும் நிற்க வைத்தார்கள். அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஹிட்டாச்சி மண்வாரி இரைந்துகொண்டிருக்கும். கூரை ஓடோ, கட்டில் காலோ தெரிந்ததும் ஒருவர் கையைத் தூக்குவார். இன்ஜின் நிற்கும். நூறு இருநூறு பேர் நின்ற இடத்தில் அப்படியே நிற்பார்கள், மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்க மாட்டார்கள். ஒருவர் குனிந்து இடுக்கில் வாய்வைத்து, “ஆரெங்கிலும் உண்டோ?” என்று கூப்பிடுவார். யாராவது இருக்கிறீர்களா என்று. அப்புறம் மழையும் ஆறும் மட்டும் கேட்கும்.

அந்த அமைதியில் என் போன் அடித்தது. சட்டைப் பையில், முழுச் சத்தத்தில். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு வண்டி கிடைக்குமா என்று யாரோ. அணைக்கிறேன், கை சேறு, திரை கேட்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த மனுஷன் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து, முதலிலிருந்து கூப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் தேடப் போகும்போது குழுத்தலைவர் போன் மட்டும்தான் இருக்கும், மற்றதெல்லாம் ஜீப் டேஷ்போர்டில்.

*

கே: அடுத்த வெள்ளத்துக்கு நண்பர்கள் இருபது பேர் வேனில் சாமான்களோடு போகலாம் என்றிருக்கிறோம். யோசனை சொல்லுங்கள்.
– ஒரு இளைஞர், சேலம்

ப: போகுமுன் போன் போடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அந்தந்த ஊர் எஸ்.டி.டி. எண் சேர்த்து. என்ன வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய துணி வேண்டாம். மேப்பாடி ரோட்டில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமல் நின்ற வேன்களில் பழைய துணி வேனும் ஒன்று.

2018 கேரள வெள்ளத்தில் கடற்கரை மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கேரள அரசு கணக்கில் 669 படகு, 4,537 மீனவர்கள், அவர்கள் காப்பாற்றியது சுமார் 65,000 பேர். அவர்கள் கொண்டுவந்தது படகையும், அலையில் பழகிய கையையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றது அல்லவா? பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்கே இல்லாத நேரத்தில் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். உங்கள் இருபது பேரில் யாருக்கு என்ன தெரியும்? எலக்ட்ரீசியன் இருக்கிறாரா, பிளம்பர் இருக்கிறாரா? அப்படியென்றால் வெள்ளம் வடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் போயிருப்பார்கள், வீடுகளில் சுவிட்ச் போடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

*

கே: எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு. மழைக்காலத்தில் தூக்கமே இல்லை. முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– ஒரு இல்லத்தரசி, கோத்தகிரி

ப: சில அறிகுறிகள் உண்டு. நல்ல மழை பெய்யும்போது பக்கத்து ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்பட வேண்டாம். மேலே எங்கோ மண் விழுந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். உடைத்துக்கொண்டு வந்தால் மொத்தமாக வரும். தெளிந்து ஓடியது திடீரென்று காப்பி நிறமானாலும் அப்படித்தான். நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்றைக்குச் சட்டத்தில் இடிக்கிறதா? தரையில் புது விரிசலா? மின்கம்பமோ மரமோ சாய்ந்திருக்கிறதா? மேட்டில் இல்லாத ஊற்று புதிதாகக் கசிகிறதா? ஒன்றைப் பார்த்தாலும் அந்த ராத்திரி அங்கே படுக்காதீர்கள். சத்தம் கேட்டுவிட்டால் சரிவோடு கீழே ஓடாமல் பக்கவாட்டில் ஓடி மேடான இடத்துக்குப் போங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தபோது, எங்கள் சொந்தக்காரர் ஒருவர் கதவு இடித்ததைப் பார்த்துக் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்ததுதான் மிச்சம். இன்னமும் ஒவ்வொரு மழைக்கும் போகிறார். இப்போது கூடவே ஆறு குடும்பம் போகிறது.

*

கே: என் மகள் இந்த மாதிரிக் குழுவில் சேர ஆசைப்படுகிறாள். பெண்களுக்கு இடம் உண்டா?
– ஒரு தாய், கடலூர்

ப: ஆப்த மித்ரா என்று அரசாங்கமே பேரிடர்த் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி தந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் திட்டம். 18 வயது ஆனவர்களைச் சேர்த்தார்கள். இப்போது என்ன பயிற்சி உண்டு என்று கலெக்டர் ஆபீஸில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் விசாரிக்கச் சொல்லுங்கள். இடம் உண்டாவா? எங்கள் அக்கா இல்லாவிட்டால் அந்தத் தாத்தாவுக்குப் பிராந்தி ஊற்றிக் கொன்றிருப்போம்.

*

கே: தேடியும் கிடைக்காதவர்கள் உண்டா? வீட்டாரிடம் என்ன சொல்வீர்கள்?
– பெயர் வேண்டாம், வேலூர்

ப: உண்டு. ஆற்றில் போன ஒரு பையனை ஒன்பது நாள் தேடினோம். பத்தாம் நாள் காலை அவன் அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். வழியில் என்னென்னவோ வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும், “எல்லாரும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். எனக்குத் தயார் செய்தது எதுவும் வரவில்லை. நிறுத்துகிறோம் என்று மட்டும் சொன்னேன். நாளைக்கு வருவோம் என்று பொய் சொல்லக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். தேடிய இடங்களை ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். எந்தத் தேதி, எந்தக் கரை, எவ்வளவு தூரம் என்று. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

கே: நீங்கள் சொல்லும் விசில் எந்த மாதிரி? எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், விருதுநகர்

ப: போலீஸ்காரர் ஊதுகிற, உள்ளே குண்டு உருள்கிற விசில் வேண்டாம். நனைந்தால் குண்டு ஒட்டிக்கொண்டு காற்று மட்டும் வரும். குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசிலாகக் கேளுங்கள், விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் நல்லது. பச்சை வாங்கினால் கீழே விழுந்ததும் அதைத் தேட ஒரு குழு வேண்டும். பைக்குள் வைக்காமல் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஊதிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் இன்றைக்கும் என்னைக் கண்டால் திண்ணைக்கு அடியில் போய்விடுகிறது.